'எனக்கு வேணும்' என்று ஒரு ஜெபம்!

தூத்துக்குடின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உப்பு, புரோட்டா, மக்ரூன், துறைமுகம்... அப்புறம் ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா திருவிழா. டூர் வர்ற காலேஜ் கோஷ்டிகள் பெரும்பாலும் இதையெல்லாம் ஒரே நாளில் முடிச்சுட்டு, பஸ்ஸில் பாட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடும். அடுத்த தடவை ஒரு நாள் கூடுதலா தங்குங்க. தெற்கே புன்னைக்காயல், திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு வரை ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. ஒரே ஒரு வார்த்தையைத் தேடிக்கிட்டு! அந்த வார்த்தை: 'வேணும்'.

இந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேர். கல்லில் கால் வச்சு, கயிற்றைப் பிடிச்சு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி சிப்பி அள்ளி வர்றது பரதவர்களோட தொழில். மேலே வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா, இல்லையான்னு எடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. குவிச்சு வச்சு அழுகவிட்டு, அந்த நாத்தத்துக்குள்ள கையை விட்டுக் கழுவித்தான் முத்தைப் பொறுக்கணும். நகைக்கடை கண்ணாடிப் பெட்டியில் இதெல்லாம் தெரியாது! அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு இங்கே நின்னுபோச்சு.

முத்து வியாபாரியின் உவமையை சண்டே கிளாஸில் கேட்டிருப்பீங்க. விலையுயர்ந்த முத்து ஒண்ணைக் கண்டதும், உள்ளதையெல்லாம் வித்து அதை வாங்கினவர் கதை. அந்த முத்துக்காக மூழ்கினவன் யாருன்னு உவமையில் வராது. ஆனா இந்தக் கரையில் அந்தக் கதையை உட்கார்ந்து கேட்டவங்களே மூழ்கினவங்கதான்.

1530-களில் முத்துப் பார்கள் யாருக்குன்னு பரதவர்களுக்கும், அதே கடலில் தொழில் செய்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய மோதல். உயிருக்கும் பிழைப்புக்கும் பாதுகாப்பு கேட்டு, பரதவர் தலைவர்கள் கொச்சியில் இருந்த போர்த்துகீசியர்களிடம் போனாங்க. பாதுகாப்பு கிடைச்சுது, கூடவே ஞானஸ்நானமும். 1535-க்கும் 1537-க்கும் நடுவில் ஆயிரக்கணக்கானவங்க கிறிஸ்தவங்க ஆனாங்க. ஆனா ஜெபம் சொல்லித்தரக்கூட சரியா ஆள் இல்லை. பூசி மெழுகாமல் சொன்னா, இங்கே எல்லாம் 'எனக்கு வேணும்'லதான் ஆரம்பிச்சுது. அதில் வெட்கப்பட என்ன இருக்கு? அரியர் பேப்பர் எழுதப் போற அன்னிக்குக் காலையில நீங்க செய்யற ஜெபத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்!

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வயசு 36. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடிச்சு, அங்கேயே தத்துவம் நடத்தின வாத்தியார். இங்கே வந்தா, தமிழில் அ, ஆ தெரியாத மாணவர்! ரெண்டு மொழியும் ஓரளவு தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களை உட்கார வச்சு, ஜெபங்களைத் தமிழாக்கி, கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணினார். அப்புறம் கையில் ஒரு மணி. அதை ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்'னு வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்ப்பில் 'எனக்கு வேணும்'னு விழுந்துடுச்சு. கரை முழுக்க அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க! சவேரியாருக்கு விஷயம் புரிஞ்சதும், சக ஊழியர் மன்சில்யாஸுக்குக் கடிதம் எழுதினார். 'வேணும்' என்றால் விரும்புவது. அதை எடுத்துட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொன்னார். தன் தப்பைத் தானே திருத்தி எழுதின அந்த ஒரு வரி எனக்கு அவரோட எந்த அற்புதக் கதையைவிடவும் பிடிக்கும்.

சொல்லைத் திருத்தினவர் சோத்தை மறக்கலை. 1544 ஜூனில் வடுகப் படை கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தப்ப, ஜனங்க கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறித் தப்பிச்சாங்க. சாப்பாடில்லை, தண்ணியில்லை. சவேரியார் இருபது தோணியோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று! துடுப்பு போட்டும் தோணிகள் நகரலை. திரும்பி வந்து, கரையோரமா நடந்தே போனார். பாதுகாக்க வேண்டிய போர்த்துகீசிய கேப்டனே ஜனங்களைப் படுத்தின பாட்டையும் கடிதங்களில் காட்டமாவே எழுதியிருக்கார். 'எனக்கு வேணும்'னு கேட்டவங்களுக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

அவருக்கு அடுத்து வந்த அன்றீக் அன்றீக்கஸ் அடிகளார் இன்னும் ஒரு படி மேலே. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுற அளவுக்குத் தமிழ் கத்துக்கிட்டார், இலக்கணமும் எழுதினார். அவரோட 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம்தான். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது! அரசவைக்கோ புலவருக்கோ இல்லை, முத்துக் குளிக்கிறவங்க ஜெபம் சொல்றதுக்கு. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்ததும் அவங்கதான். இன்னிக்கு அதன் பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கு. அன்றீக்கஸ் 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். அடக்கம் தூத்துக்குடி மாதா கோயிலில். இப்போ நீங்க பார்க்கிற பேராலயம் அதுக்குப் பிறகு, 1713-ல் வந்தது.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமா நடக்கலை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை... எல்லாம் போர்த்துகீசியக் கப்பலில் வந்த வார்த்தைகள்தான். ஹாஸ்டல் ரூமைப் பூட்டும்போது நினைச்சுக்குங்க.

மணப்பாட்டுக்குச் சாயங்காலமா போங்க. மணல்மேட்டு மேல சிலுவைக் கோயில். பக்கத்தில் சவேரியார் தங்கி ஜெபம் பண்ணினதா சொல்ற குகை. பார்த்துட்டு செல்போனை உள்ளே வச்சுட்டுக் கீழே இறங்கி, வலை சரிபார்த்துக்கிட்டிருக்கிற பெரியவர் யார்கிட்டயாவது போய் நில்லுங்க. அவர் முதல்ல கேட்கப்போறது இதுதான்:

"என்ன தம்பி வேணும்?"