கிள்ளான் பள்ளத்தாக்கில் சோலார்: திசையைவிட நிழலைப் பாருங்கள்

சோலார் பலகை தெற்கு பார்த்து இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குச் சரி. சென்னை 13 பாகை வடக்கே இருப்பதால், ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் அங்கே தெற்கே சாய்ந்திருக்கும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கேதான். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. எனவே சாய்வு குறைந்த கூரையில் வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் தரும்.

கிழக்கா, மேற்கா?

இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். காலை வெயிலை வாங்கும் கிழக்குச் சரிவுக்கு அதனால் சிறு சாதகம் உண்டு. மொட்டைக் கூரையில் பலகையைப் படுக்கையாகப் போடக் கூடாது. 10 பாகையாவது சாய்வு இருந்தால்தான் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லும்.

நிழலும் சூடும்

பலகைகளைப் பொதுவாக ஒரே தொடராக இணைக்கிறார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் தொடர் முழுவதன் உற்பத்தியும் குறையலாம். பிரிக்பீல்ட்ஸில் தாழ்ந்த கடைவீடுகளை ஒட்டிக் கோபுரக் கட்டடங்கள் நிற்கின்றன. கிள்ளான் வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டார் எழுப்பிய கூடுதல் மாடியே மறைக்கலாம். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத சரிவே முதல் தேர்வு. நிழல் தவிர்க்க முடியாததென்றால், பலகைக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் பொருத்துவது இழப்பைக் குறைக்கும்.

பலகையின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு உற்பத்தி குறையும். நண்பகலில் பலகை 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடுவது இதற்காகத்தான். பலகை விழுத்தும் நிழலால் மாடி அறையின் வெக்கையும் தணியும்.

மிச்சம் எங்கே?

கூரைச் சோலாரின் உபரி மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் பழைய நெம் (NEM) திட்டம் 2025 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் இடத்தில் 2026 ஜனவரி 1 முதல் சோலார் அத்தாப் (Solar ATAP) திட்டம் நடப்பில் உள்ளது. 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, தள்ளுபடிகள் நீங்கலாக, ஒரு யூனிட் 44.43 சென். இதில் எரிசக்திக் கட்டணம் 27.03 சென், எஞ்சியவை கொள்ளளவு, கட்டமைப்புக் கட்டணங்கள். வீட்டிலேயே செலவாகும் சோலார் யூனிட் 44 சென் முழுவதையும் மிச்சப்படுத்துகிறது. மின் நிறுவனமான தெனாகாவுக்குப் போகும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டுமே கழிக்கப்படுகிறது. 5 கிலோவாட் அமைப்பு மாதம் சுமார் 500 யூனிட் தரும். முழுவதையும் பகலில் பயன்படுத்தினால் ஏறக்குறைய 222 ரிங்கிட். முழுவதையும் அனுப்பினால் 135 ரிங்கிட்.

சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டார், இஸ்திரி ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவில் (SEDA) பதிவு பெற்ற குத்தகையாளரிடம் உங்கள் கூரையின் மாதவாரி நிழல் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.