நான்குக்குப் பிறகு கடன்

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். தேவாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தெருவில் இறங்கினால் எல்லாருக்கும் தமிழ்தான். சென்ற கோடை விடுமுறையில் தேங்காய் எண்ணும்போது என் தம்பி பாட்டியோடு சேர்ந்து "ஒந்து, எரடு, மூறு" என்று ஒழுங்காகத்தான் தொடங்கினான். "ஹத்து" வந்ததும் தன்னை அறியாமலே "பதினொண்ணு, பன்னிரண்டு" என்று தமிழுக்குத் தாவிவிட்டான். பாட்டிக்குக் கணக்குத் தவறிப்போயிற்று. குவியலை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினோம்.

தம்பியைக் கேலி செய்த நான், ஒரு மொழியே இப்படித் தாவியிருக்கிறது என்று பின்னர் அறிந்து வியந்தேன். அம்மொழியின் பெயர் குருக். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கங்களில் ஒராவோன் மக்கள் பேசுவது. ராஞ்சியின் பேராயராக இருந்து 2023-இல் மறைந்த கர்தினால் டெலஸ்போர் டோப்போ அம்மக்களில் ஒருவரே. இயேசு சபையைச் சேர்ந்த கிரிக்னார்ட் அடிகளார் 1924-இல் இம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார்.

குருக் மொழியில் எண்ணிப் பாருங்கள்: ஒண்டா, ஏண்ட், மூந்த், நாஃக். நம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்குக்கு இவை உடன்பிறந்தவை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருள்களை எண்ண ஒரு சொல்லும் மனிதரை எண்ண வேறு சொல்லும் அங்கே உண்டு; நாம் மூன்று பழம் என்றும் மூவர் என்றும் சொல்வதில்லையா, அப்படி. ஆனால் ஐந்து வந்தவுடன் "பஞ்சே" என்கிறார்கள், ஏழுக்குச் "சத்தே" என்கிறார்கள். இவை இந்தியின் பாஞ்ச், சாத் ஆகியவற்றின் உறவுகள்.

கையில் ஐந்து விரல் இருக்க, ஐந்துக்கு ஒரு சொல் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. மத்திய இந்தியாவில் பேசப்படும் கோண்டி மொழி ஏழு வரை சொந்தச் சொற்களை வைத்திருக்கிறது. அதன் "சய்யுங்" நம் ஐந்தின் உறவுதான். நூறு என்ற சொல்லோ தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒன்றே. ஆகவே இம்மொழிகளின் தாய்மொழி நூறு வரை எண்ணத் தெரிந்தது. குருக் இடையில் தொலைத்திருக்கிறது.

எப்படித் தொலைந்தது? வீட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று போதும். பெரிய எண்கள் சந்தையிலும் கடன்காரனிடமும் வரி கொடுக்கும் இடத்திலும்தான் வாயில் வரும். அங்கே விற்பவனும் வாங்குபவனும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் சண்டை வராது. அந்தச் சொல் பெரும்பாலும் பலமுள்ளவனின் சொல்லாகிவிடுகிறது. ராஜ்மகால் மலையில் பேசப்படும் மால்டோவில் இரண்டோடு சொந்த எண் முடிகிறது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயில் அசிட், இரட், முசிட் என்று மூன்று வரை. நான்கிலிருந்து அண்டை மொழியான பலூச்சியின் எண்கள்.

பேசுவோர் குறைவாக இருப்பதுதான் காரணம் என்று நான் முதலில் நினைத்தேன். அது தவறு. 2011 கணக்கெடுப்பில் குருக் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம். நம் நீலகிரியின் தோடர்களோ சுமார் 2,000 பேர்தான். அவர்கள் பத்து வரை சொந்தச் சொல்லால் எண்ணுகிறார்கள்! மலைமேல் தனித்து வாழ்ந்ததால் சந்தையின் நெருக்கம் அவர்களுக்குக் குறைவாக இருந்தது போலும்.

தோழியரே, நாமும் கடனாளிகளே. இலட்சமும் கோடியும் வடமொழி. ஆயிரம் கூட 'சகஸ்ரம்' என்பதன் வழியே வந்தது என்பர் அறிஞர். தெலுங்கர் மட்டும் 'வேயி' என்று சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள். சைபர் அரபியிலிருந்து வந்தது. என் வகுப்பில் ஆறு பேரிடம் அவரவர் வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "நைன் எய்ட்" என்றுதான் எல்லாருக்கும் வாயில் வந்தது. ஒருத்தி மட்டும் விரல் விட்டு எண்ணிச் சொல்லி முடித்தாள். என்னைக் கேட்டிருந்தால் நானும் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பேன், கன்னடத்தில் அல்ல.

பாட்டி இப்போது தம்பியைத் தினமும் தேங்காய்க் குவியலின் முன் உட்கார வைக்கிறார். "இப்பத்து" வரை, அதாவது இருபது வரை, தடுமாறாமல் வந்துவிட்டான். அதற்கு மேல் எனக்கே சந்தேகம்; நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.