காற்று ஓய்ந்தால் நீரோட்டமே எதிரி: பாய்மரப் படகில் பதக்கம் தேடும் இந்தியா

புதுதில்லி: 2036-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியை நடத்த விருப்பம் தெரிவித்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் அனுப்பியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் பாரீஸ் ஒலிம்பிக் போட்டியின் பாய்மரப் படகுப் பந்தயங்கள் மார்செய் கடற்கரையில் நடந்து முடிந்திருந்தன. மொத்தம் 10 பிரிவுகள். இந்தியா பங்கேற்றது இரண்டில் மட்டுமே. அந்த இருவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி.

வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு சரவணன் ஆடவர் பிரிவில் 18-ஆவது இடம் பெற்றார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் மகளிர் பிரிவில் 21-ஆவது இடம் பெற்றார். மூன்று புறமும் கடல் சூழ்ந்த நாட்டுக்கு இந்த விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் இன்னும் எட்டாக்கனியாகவே இருக்கிறது.

பாய்மரப் படகுப் போட்டி என்றதும் பலத்த காற்றும் சீறும் அலைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், வீரர்களை அதிகம் சோதிப்பது காற்று குறைந்து நீரோட்டம் வலுத்திருக்கும் நாள்கள்தான்.

எளிய கணக்கு: விஷ்ணு ஓட்டும் ஐஎல்சிஏ-7 வகைப் படகின் நீளம் 4.23 மீட்டர். பாயின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். ஒரே ஆள், ஒரே பாய். லேசர் என்ற பெயரில் 1996-இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட படகு இது. எல்லோருக்கும் ஒரே அளவுப் படகு என்பதால், வேறுபாடு ஓட்டுபவரின் கணிப்பில்தான் இருக்கிறது.

காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல முடியாது; வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். மெல்லிய காற்றில் இப்படிச் செல்லும் படகு, மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில் இலக்கை நெருங்குவதாகக் கொள்வோம். எதிரே ஒன்றரை மைல் வேகத்தில் நீரோட்டம் வந்தால், மிஞ்சுவது அரை மைல். அதாவது, மணிக்கு ஒரு கிலோ மீட்டருக்கும் குறைவு. நடை பழகும் குழந்தை அதைவிட விரைவாகச் சென்றுவிடும். காற்று இன்னும் சற்றுக் குறைந்தால் படகு பின்னோக்கி நகரத் தொடங்கும்.

அப்போது துடுப்புப் போடக் கூடாது. உடலை ஆட்டியோ பாயைத் திரும்பத் திரும்ப இழுத்து வீசியோ படகை உந்தக் கூடாது. போட்டி விதிகளின் 42-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. மீறினால் நடுவர் மஞ்சள் கொடியை உயர்த்துவார். அதேவேளையில், நங்கூரமிட்டு நிற்பதற்கு விதிகள் அனுமதிக்கின்றன. எதிராளி பின்னோக்கி அடித்துச் செல்லப்படும்போது, நகராமல் நிற்பவரே முன்னேறியவராகிறார்.

தொடக்கக் கோட்டிலேயே தோல்வி: நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது, தொடக்க ஒலி எழும்புவதற்கு முன்பே படகு கோட்டைத் தாண்டிவிடும் ஆபத்து உண்டு. தாண்டியவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்புவதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் போய்விடுவார்கள். கருப்புக் கொடி ஏற்றப்பட்ட தொடக்கமாக இருந்தால், கடைசி ஒரு நிமிடத்தில் முந்தியவருக்கு அந்தப் பந்தயமே இல்லை.

மிதவையைச் சுற்றும்போதும் இதே சிக்கல்தான். போதுமான இடைவெளி இருப்பதாக நினைத்துத் திரும்பும் படகை நீரோட்டம் மிதவையின் மீதே கொண்டுபோய் மோதும். மோதினால், ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும் என்பது தண்டனை.

தப்பும் வழி நீரின் அடியில் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் தரையின் உராய்வால் நீரோட்டம் தளரும். எனவே, எதிர் நீரோட்டம் என்றால் ஆழம் குறைந்த பகுதியை நாட வேண்டும். சாதகமான நீரோட்டம் என்றால் ஆழமான பகுதிக்குச் செல்ல வேண்டும். காற்று எங்கே கூடுதலாக வீசுகிறது என்பதையும் அதே நேரத்தில் பார்த்தாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு திசைகளில் அமைந்துவிட்டால் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்ற முடிவில்தான் பந்தயம் அடங்கியிருக்கிறது.

ஏரியும் ஆறும்: முல்லைப்பெரியாறு பிரச்னையைத் தொடர்ந்து கவனித்து வரும் தமிழ் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. தேக்கடியில் அணையால் தடுக்கப்பட்ட நீர் அசைவற்ற ஏரியாகக் கிடக்கிறது. 2021 அக்டோபர் 29-ஆம் தேதி செய்ததுபோல, உபரி நீர் மதகுகளைத் திறந்தால், அதே நீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணையை நோக்கி விரைகிறது. வண்டிப்பெரியாறு பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு நடு ஆற்றின் வேகமும் கரையோரத்தின் தயக்கமும் தெரியும். ஏரியை மட்டுமே அறிந்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

இந்தியப் பாய்மரப் படகுப் பயிற்சியின் சிக்கல் ஏறக்குறைய இதுதான். போபால் நகரின் மேல் ஏரி, ஹைதராபாதின் ஹுசைன் சாகர் ஆகியவை நாட்டின் முக்கியப் பயிற்சி இடங்கள். மெல்லிய காற்றில் படகைக் கையாள அங்கே நன்கு கற்கலாம். நீரோட்டத்தைக் கற்க முடியாது. அதற்கு மும்பை, கோவா, சென்னை போன்ற கடற்கரை நகரங்களுக்கு வர வேண்டும்.

ஆனாலும், ஏரியில் பழகியவர்கள் கடலில் சாதித்தது உண்டு. மத்தியப் பிரதேசத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, போபாலில் பயிற்சி பெற்ற நேஹா தாக்குர், சீனாவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் 2023 செப்டம்பர் 26-ஆம் தேதி வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. பந்தயங்கள் நடந்த நிங்போ கடற்பகுதி, ஓதத்தின் வலிமைக்குப் பெயர் பெற்ற ஹாங்சௌ வளைகுடாவை அடுத்துள்ளது. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு என்று கூட்டி, குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர் என்பது இந்த விளையாட்டின் முறை. 11 பந்தயங்களில் மோசமான ஒன்றைக் கழித்த பின் நேஹாவின் புள்ளிகள் 27. ஒரு நாள் வெற்றியைவிட, எந்த நாளிலும் பெரிதாகச் சறுக்காமல் இருப்பதற்கே இங்கு மதிப்பு. அதே போட்டியில் விஷ்ணு சரவணனும், அலைச்சறுக்குப் பாய்மரப் பிரிவில் ஈபாத் அலியும் வெண்கலம் பெற்றனர். நேத்ரா நான்காமிடத்தில் நின்றார்.

தமிழகத்தின் பங்கு: சென்னைத் துறைமுக வளாகத்தில் இயங்கும் ராயல் மெட்ராஸ் படகு சங்கம் 1911-இல் தொடங்கப்பட்டது. 2014 இன்ச்சான் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற வர்ஷா கௌதம் - ஐஸ்வர்யா நெடுஞ்செழியன், 2018 ஜகார்த்தா போட்டியில் வெண்கலம் வென்ற கே.சி. கணபதி - வருண் தக்கர் ஆகியோர் சென்னைக் கடலில் பழகியவர்கள். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் பெற்ற நேத்ரா, அந்தப் பெருமையை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆவார்.

சென்னைக் கடல் ஒரு நல்ல ஆசிரியர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பிவிடும். இதை மீனவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் அறிவார்கள். நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் "நீவாடு". வாடை எப்போது எழும், கொண்டல் எப்போது ஓயும் என்பதெல்லாம் கரையோரக் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்து வரும் அறிவு. அந்த அறிவும் போட்டிப் படகும் சந்திக்கும் இடங்கள் போதுமானவை அல்ல. படகு, பாய், உடன் செல்லும் விசைப்படகு, வெளிநாட்டுப் பயிற்சி என்று செலவு நீளும் இந்த விளையாட்டில், மீனவர் வீட்டுப் பிள்ளை தனித்து நுழைவது எளிதல்ல. நேத்ராவே ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவுக்குச் சென்றுதான் ஒலிம்பிக் பயிற்சி பெற வேண்டியிருந்தது.

அவையில் எழ வேண்டிய கேள்வி: தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-இல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் போராடிக்கொண்டிருந்த நாள்கள் அவை. விரிவான விவாதத்துக்கு வாய்ப்பில்லாமல் போனது. சம்மேளனங்களின் செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம், தகராறுகளைத் தீர்க்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் ஆகியவை அச்சட்டத்தின் முக்கிய அம்சங்கள்.

நிர்வாகம் சீரானால் தேர்வில் நியாயம் கிடைக்கும். ஆனால், பயிற்சிக்குக் கடல் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. துறைமுகங்கள் ஒரு துறையிடம். கடலோரப் பாதுகாப்பு மற்றொரு துறையிடம். மீனவர் நலன் மாநில அரசிடம். விளையாட்டு இன்னொரு அமைச்சகத்திடம். இவற்றை ஒருங்கிணைத்து, கரையோர மாவட்டங்களில் சிறுவர்களுக்கான படகுப் பயிற்சிக்கு வழி செய்யும் பொறுப்பு எவருடையது என்று கடற்கரைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தமிழகத்திலிருந்து மட்டும் அப்படிப் பல உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் பந்தயங்கள் பசிபிக் கடலில் நடைபெறும். அதற்கான தகுதிச் சுற்றுகளில் இறங்க வேண்டிய இளைஞர்கள் பெரும்பாலும் இப்போதே படகில் இருப்பவர்கள்தான். 2036-க்குப் போக வேண்டியவர்களோ இன்று பள்ளிப் பிள்ளைகள். எட்டு, பத்து வயதில் சிறுவர் படகில் ஏறினால்தான் இருபதில் நீரோட்டம் பிடிபடும். கடிதம் அனுப்பியவர்கள் அந்தப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் வேலையையும் இப்போதே தொடங்க வேண்டும்.