கொடையும் நம்பிக்கையும் நல்லுழைப்பும்: துறைமுக மண்ணுக்குரிய தொழில் நெறி

திருகோணமலை மாவட்டத்தில் கல்வியை முடித்து வெளியேறும் இளைஞர் பலரின் கண்முன் இரண்டு வழிகளே தெரிகின்றன. ஒன்று, அரச நியமனத்துக்காகக் காத்திருத்தல். மற்றையது, வெளிநாடு செல்லுதல். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி நாட்டைவிட்டுச் சென்றனர். இவ்விரு வழிகளுக்கும் அப்பால், பிறந்த மண்ணிலேயே தொழில் செய்து முன்னேற முடியுமா என்ற வினா இன்று எம்முன் எழுந்து நிற்கின்றது. முதலும் செல்வாக்கும் இருந்தால் மாத்திரமே அது கைகூடும் என்பது பொதுவான எண்ணமாகும். ஆயினும், தொழிலின் முதற் பொருள் பணமன்று. பிறர் எம்மீது வைக்கும் நம்பிக்கையேயாகும்.

இதனைத் துறைமுகம் தெளிவாகப் புலப்படுத்துகின்றது. கோதுமையோ சீமெந்துக்கான மூலப்பொருளோ ஏற்றிவரும் கப்பல், குறித்த நாட்களுக்குள் இறக்கி முடிக்கப்படாவிடில் தாமதக் கட்டணம் செலுத்த நேரிடும். ஒரு தொழிலாளி தாமதித்தால் பாரவூர்தி தாமதிக்கும். அது தாமதித்தால் ஆலை காத்திருக்கும். எனவே நேரந்தவறாமையும் எடை குறையாமையும் இங்கு வெறும் ஒழுக்கப் பாடங்களல்ல. பலருடைய வருவாய் அவற்றிலேயே தங்கியுள்ளது.

இந்நெறியை இரு சமூகங்களின் மரபுகளும் வலியுறுத்துகின்றன. அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதோடு ஆரம்பமாகின்றது. அதன் பெயரும் அவர்களையே குறிக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னரே 'அல்-அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர் என அழைக்கப்பட்டார்கள். அந்த நேர்மையை அறிந்தே கதீஜா (ரழி) அவர்கள் தமது வணிகப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும், பிறருடைய பொருளிலும் தமது பொருளில் காட்டும் அக்கறையைக் காட்டுமாறு வணிகரை அறிவுறுத்தியே நிறைவுபெறுகின்றது. அமானிதம் என்றாலும் நடுவுநிலைமை என்றாலும் உணர்த்தப்படுவது ஒன்றேயாகும்.

எமது நாட்டிலேயே இதற்கு முன்மாதிரிகள் உள்ளனர். பேருவளையில் 1933ஆம் ஆண்டு பிறந்த எம்.ஐ.எம். நளீம் ஹாஜியார் அதிகம் பாடசாலைக் கல்வி பெறாதவர். இரத்தினக்கல் வணிகத்தில் உயர்ந்த அவர், தமக்குக் கிட்டாத கல்வி பிறருக்குக் கிட்டவேண்டுமென விரும்பினார். மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் இணைக்கும் ஜாமிஆ நளீமிய்யா கலாபீடத்தை 1973இல் நிறுவினார். அவர் 2005இல் காலமான பின்னரும் அக்கலாபீடம் அறிஞர்களை உருவாக்கி வருகின்றது.

திருகோணமலையோடு நேரடியாகத் தொடர்புடையவர் தமிழ்த் தொழிலதிபர் ஏ.வை.எஸ். ஞானம் அவர்களாவார். யப்பானிய நிறுவனமொன்றுடன் இணைந்து 1982இல் அவர் ஆரம்பித்த டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் தொழிற்சாலை, 1984இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. முதலீட்டாளர்கள் கிழக்கை நாட அஞ்சிய காலம் அது. இன்று அவரது பெயரைத் தாங்கிய பயிற்சி நிலையமொன்று தம்புள்ளையில் கட்டுமானத் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கின்றது. ஈட்டிய பொருளின் ஒரு பகுதி பிறருடைய கல்வியாகவும் கைத்திறனாகவும் மாறியமையே இவ்விரு வரலாறுகளுக்கும் பொதுவான அம்சமாகும்.

ஆனால், கொடுத்தால் பெருகும் என்ற கணக்கோடு கொடுப்பது கொடையாகாது; அது இறைவனோடு செய்யும் பேரமாகிவிடும். செல்வந்தர் மட்டுமே கொடுக்க முடியும் என்பதும் தவறான எண்ணமாகும். வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட செல்வத்தில் ஆண்டுதோறும் இரண்டரை வீதத்தை ஸகாத்தாக வழங்குவது வசதியுள்ளவரின் கடமை. தச்சர் ஓர் ஏழைச் சிறுவனுக்குத் தொழில் பழக்குவதும், கடைக்காரர் ஊழியரின் சம்பளத்தை உரிய நாளில் கொடுப்பதும், நெருக்கடியிலுள்ள அயலவருக்கு வட்டியில்லாக் கடன் வழங்குவதும் கொடையே. கரைவலைத் தொழிலில் செலவு போக எஞ்சுவதைப் பங்கிடும் மரபு உண்டு. அங்கு சம்மாட்டி கணக்கை ஒளிவுமறைவின்றிக் காட்டினால், அடுத்த பருவத்திலும் அவருடைய வலையை இழுக்க ஆட்கள் வருவர். நேர்மையின் பலன் இவ்வாறுதான் தொழிலைத் தாங்கி நிற்கின்றது.

அதேவேளை, இறைநம்பிக்கை கவனக்குறைவுக்கு ஒரு சாட்டாக அமைந்துவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்பது நபிகளாரின் வழிகாட்டல். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகளை ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலை மாணவர்கள் உட்படப் பலரின் உயிர்கள் பறிபோயின. அத்துயரத்தை இம்மாவட்டம் மறக்க முடியாது. படகின் உறுதியைப் பரிசோதிப்பதும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்ற மறுப்பதும், உயிர்காப்பு அங்கியை ஆயத்தமாக வைத்திருப்பதும் வணக்கத்துக்கு நிகரான செயல்களாகும். கடமையை நாளைக்கு என ஒத்திவைக்கும் பழக்கம், பிறருடைய உயிரையே விலையாகக் கேட்கக்கூடும்.

போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்தின் சகல சமூகங்களையும் காயப்படுத்தின. போர் வளர்த்த ஐயம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. மூதூர்க் கமக்காரரின் நெல்லைத் திருகோணமலை வணிகர் சரியான எடைக்கு வாங்கும்போதும், கிண்ணியா மீனவர் தமிழ் வியாபாரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்போதும், அந்த ஐயம் சிறிது சிறிதாகக் கரைகின்றது. ஆதலால் நேர்மையான உழைப்பு தனிமனித முன்னேற்றத்துக்கு மாத்திரமன்றி, இன நல்லுறவுக்கும் அடித்தளமாகும்.

வேலைவாய்ப்பை உருவாக்கும் பொறுப்பிலிருந்து அரசு விலகிவிட முடியாது. எனினும், அது நிறைவேறும்வரை இளைஞர்கள் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கைத்தொழிலைச் செம்மையாகக் கற்பதும், சொன்ன நேரத்தில் சொன்ன வேலையை முடிப்பதும், கிடைத்ததில் ஒரு பங்கைப் பகிர்வதும் எவருடைய அனுமதியுமின்றி இன்றே ஆரம்பிக்கக்கூடியவை. அவற்றால் கிட்டும் நற்பெயரே எவரும் பறிக்க முடியாத முதலாகும்.