ஏரிக்கரையில் வாங்கிய 'பட்டு'

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் இறங்கியபோது எனக்குத் தலை கிறுகிறுத்துக் கொண்டிருந்தது. அது தெளிவதற்குள் ஏரிக்கரையிலுள்ள ஒரு கடைக்குள் நுழைந்ததுதான் நான் செய்த பிசகு!

வெள்ளைத் துணி, இரு ஓரங்களிலும் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாய் வேலைப்பாடு. கழுத்தில் சுற்றிக் கொள்ளும் ஸ்கார்ஃப். "அசல் பட்டு அம்மா! நம்ம சேர்வராயன் மலைப் பெண்கள் கையாலே போட்டது" என்றார் கடைக்காரர். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் பணத்தைக் கொடுத்து விட்டேன்.

திரும்பும் வழியில் அம்மாபேட்டை அத்தை வீட்டில் இறங்கினோம். சேலத்து அம்மாபேட்டை என்றாலே தறிச் சத்தம் நினைவுக்கு வரும். அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. புடவைகள் அல்ல, வெவ்வேறு ஊர்த் துணிகள்! ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்தவை. மாமா கல்யாணத்தன்று உடுத்திய சேலம் வெண்பட்டு வேஷ்டியும் அதில் பத்திரமாக இருக்கிறது.

அத்தை என் ஸ்கார்ஃபை வாங்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினார். குத்துவிளக்குச் சுடரில் காட்டினார். இழை சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணியாகிவிட்டது.

"பட்டாக இருந்தால் மயிர் கருகின நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தியோ, ரேயானோ. இது பாலியெஸ்டர், அம்மணி!"

அத்தையிடம் நான் கற்றுக் கொண்ட முதல் பாடம் அது. கடையில் நெருப்புக் குச்சியைக் கிழிக்க முடியாதே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ஆம் ஆண்டு முதல் 'சில்க் மார்க்' சீட்டு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு, துணி சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே ஜாமீன். அதன்மேல் இருக்கும் வேலைப்பாடு யார் கையால் ஆனது என்று அது சொல்லாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அத்தை பெட்டியின் அடியிலிருந்து கனத்த பருத்திச் சால்வை ஒன்றை எடுத்து என் மடியில் விரித்தார். அதே சிவப்பு, அதே கறுப்பு. ஆனால் தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. தையல் புடைத்துக் கொண்டு விரலை நிமிண்டியது. உதகமண்டலத்தில் ஒரு தோடர் மூதாட்டியிடம் வாங்கியதாம்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களுக்கும் இந்தத் தையலுக்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழங்கும் கதை. பட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தும் பட்டு மலையேறவில்லை போலிருக்கிறது! இந்தத் தையல் நீலகிரித் தோடர்களுடையது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் சுமார் 2,000 பேர்தான். எருமையே அவர்களுக்குச் செல்வம். தையலிலும் எருமைக் கொம்பு உண்டு.

தோடப் பெண்கள் துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதுமில்லை. பாவையும் ஊடையையும் கண்ணால் எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். நூல் திரும்புமிடத்தில் இழுத்துப் பிடிக்காமல் சிறு வளையமாக விட்டு விடுவார்கள். அதனால்தான் அந்தப் புடைப்பு. துணியின் பின்புறத்திலிருந்து தைப்பது வழக்கம். சொரசொரப்பான பக்கமே அவர்களுக்கு மேற்பக்கம். இழையை எண்ண வேண்டுமென்றால் முரட்டு நெசவு வேண்டும். வழவழவென்று வழுக்கும் துணியில் 'தோடர் வேலை' என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

என் ஸ்கார்ஃபைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறும் வெள்ளை, சாயம் கசிந்த நிழல் மட்டும்! முன்புறத்துப் பூக்களோ அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் இருந்தன. கையால் தைத்தால் எங்கேயாவது ஓர் இழை விலகத்தான் செய்யும்.

"இதைப் போர்த்தித்தான் அவர்கள் செத்தவர்களைக் கடைசியாக அனுப்புகிறார்கள். தெரியுமா உனக்கு?" என்றார் அத்தை. எனக்குச் சுருக்கென்றது. வாரக்கணக்கில் கண்ணை வருத்தித் தைப்பவளுக்குக் காலணா சேராமல், அவள் கோலத்தை எந்திரத்தில் அச்சடித்து விற்றவரிடமல்லவா நான் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன்!

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த சரக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சட்டப்படி குற்றம். பூம்புகார் விற்பனை நிலையங்களிலோ, நீலகிரியில் தைப்பவர்களிடமோ வாங்குவது நல்லது. ரசீதில் 'தோடர் கைத்தையல்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே வைத்து விட்டு வந்து விடலாம்.

கடல் கடந்தும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் உட்டோபியா என்னுமிடத்துப் பழங்குடிப் பெண்கள் 1977-இல் பாத்திக் வேலை கற்று, பட்டில் மெழுகும் சாயமுமாகத் தங்கள் கோலங்களைத் தீட்டினார்கள். அவர்களில் ஒருவரான எமிலி காமே இங்வாரி பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியரானார். அந்நாட்டுப் பழங்குடி ஓவியங்களை அனுமதியில்லாமல் வியட்நாமில் கம்பளங்களாக நெய்து இறக்குமதி செய்தார்கள் சிலர். வழக்கு நடந்தது, 1994-இல் நீதிமன்றம் ஓவியர்கள் பக்கம் தீர்ப்பளித்து, சுமார் 1,88,000 டாலர் நஷ்டஈடு விதித்தது.

புறப்படும்போது அத்தை என் ஸ்கார்ஃபை மடித்துத் தம் பெட்டியில், தோடர் சால்வையின் பக்கத்திலேயே வைத்தார்.

"இது எதற்கு அத்தை, குப்பை?"

"இருக்கட்டும். அடுத்த தடவை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு வருவாள். அவளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டாமா?"