சேராங்கொட்டை: மருந்துதான்... ஆனா, கைவைத்தியம் வேண்டாம்!

அந்தக் காலத்தில் சலவைக்குப் போட்ட வேட்டி ஓரத்தில் கறுப்பாக ஓர் அடையாளம் இருக்குமே, ஞாபகம் இருக்கா? எத்தனை துவைத்தாலும் போகாத அந்த 'மை', சேராங்கொட்டையின் எண்ணெய்தான்.

இலையுதிர் காடுகளில் வளரும் இந்த மரம் மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி மாதிரியே, ஆரஞ்சு நிறச் சதையின் நுனியில் கறுப்புக் கொட்டை உட்கார்ந்திருக்கும். பழுத்த சதையைக் காட்டுப்பகுதி மக்கள் சாப்பிடுவதுண்டு. வில்லங்கமெல்லாம் கொட்டையின் ஓட்டில்தான்! அதிலுள்ள எண்ணெய் பட்டால் அரிப்பு, வீக்கம், கொப்புளம்.

சித்த மருத்துவத்தில் மூட்டுவலி, தோல் நோய்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள்; முறைப்படி சுத்தி செய்த பிறகே. 'நாட்டு மருந்துதானே, என்ன செஞ்சிடும்?' என்று கடையில் வாங்கி நீங்களே அரைக்காதீர்கள். எண்ணெய் மேலே பட்டுவிட்டால், உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.