கோட்டுக்கு மேலே நிற்பவர்கள்

விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலில் சிறு மளிகைக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தறித் தொழிலாளர்கள் வாரக் கூலி வாங்கும் நாளில்தான் அவருக்குக் கடன் பாக்கி வசூலாகும். செலவு போக மாதம் 11,000 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால், ஆண்டு வருமானம் 1,32,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான உச்சவரம்போ 1,20,000 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஈட்டியதற்காக, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பை அக்குடும்பம் இழக்கிறது.

இத்திட்டம் தமிழகத்தின் பெருமைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இன்றைய பெயரில் தொடர்ந்து, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 72,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பும் உயர்த்தப்பட்டது. ஆனால், கோட்டை எங்கே வரைந்தாலும் அதற்குச் சற்று மேலே ஒருவர் நிற்கத்தான் செய்வார். வருமானச் சான்றிதழில் உண்மையைச் சொல்பவர் வெளியே நிற்கவும், குறைத்துச் சொல்பவர் உள்ளே நுழையவும் அக்கோடு இடம் தருகிறது.

அந்தக் கடைக்காரருக்கு வேறு வழிகள் உண்டா? தொழிலாளர் அரசு காப்பீடு (இ.எஸ்.ஐ.) ஊதியம் பெறுவோருக்கானது, சுயதொழில் செய்பவருக்கு அங்கே இடமில்லை. தனியார் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது நல்ல செய்தி. எனினும், வயது ஏற ஏற அதன் பிரீமியமும் ஏறுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பயன் கிடைக்க 36 மாதங்கள் வரை காத்திருக்க நேரலாம். நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர், எவ்விதக் காப்பீடும் இன்றி இருப்பதாகக் கூறி, அவர்களை 'விடுபட்ட நடுப்பகுதியினர்' என்று குறிப்பிட்டது.

இதற்குப் பொருளியல் தரும் விளக்கம் எளியது. விரும்பியவர் மட்டும் சேரும் காப்பீட்டில் நோயுள்ளவர்களே முதலில் சேர்வார்கள். அதனால் செலவு கூடும், பிரீமியம் உயரும், நலமாக இருப்பவர்கள் விலகுவார்கள், பிரீமியம் மேலும் உயரும். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தால் இந்தச் சுழல் அறுபடும். ஓய்வூதியர் என்ற முறையில் நான் அத்தகைய ஏற்பாட்டுக்குள் இருக்கிறேன். மாதந்தோறும் ஒரு தொகை பிடித்தம் செய்யப்படுகிறது. எனக்கு என்ன நோய் என்று எவரும் கேட்பதில்லை. என்னைவிடக் குறைந்த வருமானமுள்ள கடைக்காரருக்கு இந்த வாய்ப்பு ஏன் இல்லை?

கோட்டுக்குப் பதிலாகப் படிக்கட்டு வேண்டும் என்பதே என் கருத்து. குடும்ப அட்டை உள்ள அனைவரும் திட்டத்தில் சேரட்டும். இப்போதைய வரம்புக்குள் உள்ளோருக்கு இன்றுபோல் முழுத் தொகையையும் அரசே செலுத்தட்டும். அதற்கு மேலுள்ளோர் வருமானத்துக்கேற்ப ஒரு பகுதியைச் செலுத்தட்டும். 2021-இல் ராஜஸ்தான் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பிரிவில் வராத குடும்பங்களும் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்திச் சேர முடிந்தது. 70 வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024-இல் மத்திய அரசு விரிவுபடுத்தியது. கோட்டை அழிக்க முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை இருக்கும்போது காப்பீடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அம்மருத்துவமனைகளே நம் அடித்தளம். அவற்றை வலுப்படுத்துவதற்குக் காப்பீடு மாற்றாகாது. ஆனால், இதய அறுவை சிகிச்சையோ புற்றுநோய் சிகிச்சையோ உடனே தேவைப்பட்டு, அரசு மருத்துவமனையில் காத்திருக்க நேரும்போது, அட்டை உள்ளவருக்கு இன்னொரு கதவு திறக்கிறது. அட்டை இல்லாதவர் நகையையோ கடையையோ அடகு வைக்கிறார். அவ்வாறு கடனில் விழும் குடும்பம் சில மாதங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். அதன் பிறகு அட்டை கொடுப்பதைவிட, விழாமல் தடுப்பதே அரசுக்கும் சிக்கனம்.